அந்த ஒற்றை வரியால் யாருக்கு லாபம்?

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வக்கீல் எதற்கு, பக்கம் பக்கமாக ஒப்பந்தம் எதற்கு என்று கேட்கும் கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் ஊர்ப் பெரியவர். பல குடும்பங்களில் பேசி அத்துவிட்ட அனுபவம் தனக்கு உண்டு என்று பெருமையோடு சொல்கிறார். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: சண்டை போடுகிறவர்களுக்குத்தான் காகிதம் வேண்டும், இரண்டு பேரும் பிரிய ஒப்புக்கொண்ட பிறகு எழுத என்ன இருக்கிறது? பிரிந்து ஒரு வருடம் ஆயிற்று என்று போட்டுக்கொள்ள வேண்டியது. இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் கொடுக்கல் வாங்கலும் இல்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டியது. கையெழுத்துப் போட வேண்டியது. நகை, பணம், பிள்ளை விவகாரங்களைப் பெரியவர்கள் பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். கோர்ட்டே வேண்டாம் என்பவர்கள் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் சீல் வாங்கிக்கொண்டாலும் போதும். எதையும் கேட்காமல் எழுந்து வருவதுதான் பெண்ணுக்கு மானம்.

குடும்ப வழக்குகளின் கட்டுகளைப் புரட்டியே பிழைப்பு நடத்துகிறவள் நான். இந்த யோசனைகளில் ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் வாழ்க்கையில் சில வருடங்களைத் தின்று தீர்க்கக்கூடியது என்று தெரியும். பெரியவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். பஞ்சாயத்து முடிந்த அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். மீதிக்கதை எங்களிடம் வருகிறது.

முதலில் அவருடைய அடிப்படைக் கணக்கையே பார்ப்போம். எதிர்ப்பு உள்ள வழக்குக்கு எழுத்து அதிகம் வேண்டும், எதிர்ப்பில்லாத வழக்குக்குக் குறைவாகப் போதும் என்கிறார். தலைகீழ்ப் பாடம். எதிர்த்து நடக்கும் வழக்கில் கூண்டு இருக்கிறது, குறுக்கு விசாரணை இருக்கிறது. நகை எத்தனை பவுன் என்பதை நகைக்கடை ரசீதும் கல்யாண ஆல்பமும் சித்தப்பாவின் சாட்சியமும் சேர்ந்து சொல்லும். மனுவில் விட்டுப்போனதுகூட விசாரணையில் வெளியே வந்துவிடும். சம்மத வழக்கில் இது எதுவும் நடக்காது. நீதிபதி இருவரையும் அழைத்து, மிரட்டலோ வஞ்சகமோ இல்லாமல் மனமொத்துத்தான் கேட்கிறீர்களா என்று விசாரிப்பார், வாக்குமூலத்தைப் பதிவு செய்வார், அவ்வளவுதான். காகிதத்தில் இருப்பது நடந்ததாகிவிடும், இல்லாதது நடக்காததாகிவிடும். தோண்டித் துருவ எதிரியே இல்லாத வழக்கு இது. அதனால்தான் அந்தக் காகிதத்தை வேறெந்தக் காகிதத்தையும்விடக் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த ஒற்றை வரிக்கு வருவோம். கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. கேட்கக் கௌரவமாக இருக்கிறது. யாரும் யாரிடமும் கையேந்தவில்லை என்கிற தோற்றம். ஆனால் கல்யாணத்தன்று பெண் போட்டுவந்த நகை எங்கே இருக்கிறது என்று அந்த வரி சொல்லுமா? பாதி மாமியார் பீரோவில் இருக்கும். பாதி கூட்டுறவு வங்கியில் கணவன் பெயரில் அடகில் இருக்கும், ரசீதும் அவன் கையில். லாக்கர் இருவர் பெயரிலும், சாவி ஒருவரிடம். இந்த நிலையில் ஒரு பெண், கொடுக்கல் வாங்கல் இல்லை என்று நீதிபதி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால், நகை வந்து சேர்ந்துவிட்டது என்று தன் கைப்படவே எழுதிக்கொடுத்ததாகத்தான் எதிர்த்தரப்பு நாளை வாதாடும். சீதனம் பெண்ணுக்கு மட்டுமே சொந்தம், கணவன் வெறும் காப்பாளன்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. அந்த உரிமையை எந்த வில்லனும் வந்து பறிக்க வேண்டியதில்லை. பெரியவரின் வரியே போதும்.

பெரியவர்கள் பிறகு பேசி வாங்கிக்கொள்வார்கள் என்கிறாரே, அது இன்னும் வேடிக்கை. மகளுடைய விவாகரத்து முடிந்து சில வருடங்கள் கழித்து, அவளுடைய நகையைத் திருப்பித் தரச் சொல்லி முன்னாள் சம்பந்தி வீட்டார்மீது ஒரு தகப்பனார் கொடுத்த புகாரில் பதிவான வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. சீதனம் மகளுக்கு மட்டுமே உரியது, அவள் அதிகாரம் கொடுக்காதபோது அதைக் கேட்கத் தகப்பனாருக்கே உரிமை கிடையாது என்று சொல்லி வழக்கை ரத்து செய்தார்கள். பிரியும்போது இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் உடைமைகள் பற்றி எல்லாம் முடிந்துபோனதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பெற்ற தகப்பனுக்கே நிலைமை இதுவென்றால், ஊர்ப் பெரியவர் எந்த அதிகாரத்தில் போய்ப் பேசப்போகிறார் என்பதை அவரே அடுத்த கட்டுரையில் விளக்கட்டும்.

வீடு விஷயம் இதைவிட மோசம். இருவர் பெயரிலும் பிளாட், இருவர் கையெழுத்திலும் வங்கிக் கடன். வீட்டை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று கணவன் பெருந்தன்மையாகச் சொல்கிறான். பெரியவரும் தலையசைக்கிறார். வாயால் சொன்னால் வீடு கை மாறாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும். அதை எப்போது எழுதுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குடும்பத்தாருக்குள் எழுதிக்கொள்ளும் செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையில் பெரிய சலுகை உண்டு. விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் இந்த இருவரும் சட்டத்தின் கண்ணில் குடும்பமே அல்ல. அந்நியருக்கு அந்நியர் எழுதும் பத்திரத்துக்கான தீர்வையைக் கட்டிவிட்டு வா என்பார்கள். ஆகவே பத்திரம் தீர்ப்புக்கு முன்னால் வர வேண்டும். அதற்கும் முன்னால் வங்கியிடம் பேசி, கடனிலிருந்து ஒருவர் பெயரை விடுவிக்க முடியுமா என்று கேட்டிருக்க வேண்டும். கணவனும் மனைவியும் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் வங்கி அதில் கையெழுத்துப் போடவில்லை. தவணை நின்றால் இரண்டு பேரையும்தான் துரத்தும். இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் அச்சில் எழுதுகிறார், நாமும் படிக்கிறோம்.

இந்த வரி ஆண்களையாவது காப்பாற்றுமா? அந்த ஆறுதலும் இல்லை. கசந்து பிரிகிற பல தம்பதிகளுக்கு இடையில் ஏற்கெனவே வழக்குகள் இருக்கும்: மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணைக் கொடுமைப் புகார், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு மனு, ஜீவனாம்சம் கேட்டு ஒரு எம்.சி. கேஸ். விவாகரத்துத் தீர்ப்பு வந்ததும் இவை தாமாகவே உதிர்ந்துவிடும் என்று கட்டுரையாளர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கொடுமை வழக்கு, பழைய 498ஏ, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, இங்கே மனைவி போய் வாபஸ் என்று சொன்னால் முடிகிற வகை அல்ல. உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, ரத்து மனு போட்டு, சமரசம் ஆகிவிட்டது என்று புகார்தாரரும் ஒப்புக்கொண்டால்தான் முடியும். அப்படி ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் வழி திறந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, இன்ன கட்டத்தில் வந்து ஒத்துழைக்கிறேன் என்று அவள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பொதுவாக ‘கொடுக்கல் வாங்கல் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போன கணவன், மறுமணத்துக்கு நாள் குறித்த பிறகோ வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்று கேட்கும்போதோ, தன் பெயரிலும் வயதான தாய் பெயரிலும் எஃப்.ஐ.ஆர். உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொள்வான். அப்போது முன்னாள் மனைவியின் கதவைத் தட்ட வேண்டும். அவள் திறக்க வேண்டிய கட்டாயம் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

பணம் எப்போது கைமாறுகிறது என்பதையும் அந்த வரி சொல்வதில்லை. எங்கள் அனுபவத்தில் சண்டை தொகையைப் பற்றி வருவதைவிட வரிசையைப் பற்றித்தான் அதிகம் வரும். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, மனு போட்டு ஆறு மாதம் கழித்துக் கொடுக்க வேண்டிய இரண்டாவது வாக்குமூலத்துக்கு அவள் வராமல் போனால் என்ன செய்வது என்று அவன் பயப்படுகிறான். தீர்ப்பை வாங்கிக்கொண்டு அவன் மறைந்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் பயப்படுகிறாள். இரண்டுமே நியாயமான பயம். ஆகவே மனு தாக்கலின்போது ஒரு பங்கு, இறுதி வாக்குமூலத்தன்று நீதிபதி முன்னிலையில் ஒரு பங்கு, குற்றவழக்கு இருந்தால் அது ரத்தாகும் நாளில் மீதி என்று பிரித்து, டிடி எண்ணும் தேதியும் வங்கியும் போட்டு எழுதுகிறோம். இப்படி எழுதுவது ஒருவரை ஒருவர் நம்பாததன் அடையாளம் என்று பெரியவர் வருந்துகிறார். நம்பிக்கை இருந்திருந்தால் இவர்கள் எங்களிடம் ஏன் வரப்போகிறார்கள், ஐயா?

பிள்ளை பற்றி அவர் எழுதியிருப்பது ஒரே வாக்கியம்: அம்மாவிடம் இருக்கட்டும், அப்பா பார்க்க வரட்டும். எந்த நாளில்? எங்கே வைத்து? கோடை விடுமுறையில் யாரிடம்? பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு, அது கல்லூரிவரைக்கும் நீளுமா? அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்றால் எவருடைய இன்சூரன்ஸ்? பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து? இவற்றை எழுதாமல் விட்ட தம்பதிகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேருந்து நிலையத்தில் பிள்ளையின் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இவற்றைப் பேசுகிறார்கள். இன்னொன்றும் பெரியவர் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைக்கு நான் எதுவும் கேட்கமாட்டேன் என்று தாய் எழுதிக்கொடுத்தாலும் பிள்ளையின் ஜீவனாம்ச உரிமை அழியாது. அதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரம் இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. அதாவது அவருடைய வரி தாயின் நகையை விழுங்கும், பிள்ளை விஷயத்தில் செல்லாது. பெண்ணுக்கு நஷ்டம், ஆணுக்கு நிச்சயமின்மை. இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் கெடுதல் செய்கிற வாசகத்தைக் கண்டுபிடிப்பது சுலபமல்ல. அந்தத் திறமையை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து அந்த ‘ஒரு வருடம்’. இந்து திருமணச் சட்டத்தில் 13-பி பிரிவு 1976-இல் சேர்க்கப்பட்டது. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியாமல் போயிருக்க வேண்டும், பிரிவதற்கு இருவரும் ஒப்பியிருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. உண்மையில் எப்போது பிரிந்தீர்கள் என்பது முக்கியமில்லை, கணக்குக்கு ஒரு தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் சரிபார்க்கமாட்டார்கள் என்கிறார் நம் கட்டுரையாளர். பிரமாண வாக்குமூலத்தில் பொய் எழுதுவது குற்றம் என்பதை ஒரு பக்கம் வைப்போம். குற்றத்துக்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கைப் படிவம், கேஸ் புத்தகம் எல்லாம் வேறு தேதியைச் சொல்லும் என்பதையும் விடுவோம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எப்படி விடுவது? 2020 முதல் நாங்கள் கணவன் மனைவியாக வாழவில்லை என்று மனு சொல்கிறது. அதே மனுவோடு இணைத்த பிறப்புச் சான்றிதழ் 2022 என்று சொல்கிறது. திருமண உறவு நீடிக்கும்போது பிறந்த பிள்ளை கணவனுடையது என்றே நம் சாட்சியச் சட்டம் கொள்கிறது. இருவரும் கூடுவதற்கே வாய்ப்பில்லாமல் இருந்தார்கள் என்று காட்டினால் மட்டும் விலக்கு. தாயும் தகப்பனும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு பொய்த் தேதி, சொத்துத் தகராறு வரும் நாளில் யார் கையில் ஆயுதமாகும்? பெரியப்பா பிள்ளைகளின் கையில்தான்.

இத்தனைக்கும் அந்தப் பொய் பெரும்பாலும் தேவையே இல்லை. ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது பிரிந்து வாழ்தலே என்று சுரேஷ்டா தேவி வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. மாடியில் அவன், கீழே அவள். தனித்தனிச் சமையல், பேச்சுவார்த்தை கிடையாது. அதை அப்படியே எழுதலாம். உண்மையையே சட்டம் ஏற்றுக்கொள்கிற இடத்தில் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பவரை அனுபவசாலி என்று எப்படி அழைப்பது?

மனு போட்டு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது வெறும் இழுத்தடிப்பு, காகிதக் கூட்டத்தின் வேலை என்றும் கோபப்படுகிறார். சில தம்பதிகள் விஷயத்தில் அந்தக் கோபம் நியாயம்தான், நானும் உடன்படுகிறேன். ஆனால் அதற்கான வழி 2017 செப்டம்பரிலேயே பிறந்துவிட்டது. அமர்தீப் சிங் வழக்கில், அந்த ஆறு மாதம் கட்டாயமல்ல, தகுந்த சந்தர்ப்பத்தில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. என்னென்ன பார்க்கச் சொன்னது தெரியுமா? ஒரு வருடப் பிரிவும் இந்த ஆறு மாதமும் மனுவுக்கு முன்பே கழிந்திருக்க வேண்டும். சமரச முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், பிள்ளையின் பொறுப்பு, நிலுவையில் உள்ள மற்ற விவகாரங்கள் அனைத்தையும் இருவரும் மெய்யாகவே தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும். காத்திருப்பு வேதனையை நீட்டுவதாக மட்டுமே இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையைப் பெரியவர் மறுபடி படிக்க வேண்டும். எல்லாம் தீர்ந்தது என்று காட்டுகிற விரிவான ஒப்பந்தம் இருந்தால்தான் சீக்கிரம் முடியும். பிறகு பேசிக்கொள்கிறோம் என்ற ஒற்றை வரியோடு போகிறவர்கள் ஆறு மாதமும் காத்திருக்க வேண்டியதுதான். காகிதத்தைக் குறைத்தால் காலம் குறையும் என்றார்; அவர் சொன்னபடி குறைத்தால் காலம் கூடுகிறது.

கையெழுத்துப் போட்ட பிறகு பெண் மனம் மாறுவது துரோகம் என்கிற தொனியும் கட்டுரையில் ஓடுகிறது. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று சொன்னதும் அதே 1991 தீர்ப்புதான். ஒருவர் வராமல் இருந்தாலே சம்மதம் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளக் கூடாது என்று 2009-இல் மீண்டும் சொன்னார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வராமல் ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்குத்தான் பணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதுகிறோம் என்று மேலே சொன்னேன்.

இனி நோட்டரி. இந்த யோசனைக்காகத்தான் இந்த எதிர்வினையை எழுத உட்கார்ந்தேன்; மற்றவற்றை ஏதோ வயதின் அலட்சியம் என்று விட்டிருப்பேன். முத்திரைத்தாளில் ‘இன்று முதல் நாங்கள் கணவன் மனைவி அல்ல’ என்று எழுதி நோட்டரி சீல் வைத்தால் கல்யாணம் முறியாது. நோட்டரி சீல், கையெழுத்துப் போட்டது இன்னார் என்பதற்கு மட்டும் சாட்சி. ஊர் வழக்கப்படி அத்துவிடுவது காலங்காலமாக உண்டே என்கிறார். உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவே வழக்கத்தின்படியான மணமுறிவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தில் அந்த வழக்கம் இருக்கிறது என்பதை உரிமை கோருகிறவர் தனியாக எடுத்துரைத்து நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கில், விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டோம் என்று சொன்னவர்களால் அந்த வழக்கத்தை நிரூபிக்க முடியவில்லை. பத்திரத்தால் திருமணம் முறியவில்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

முறியாத கல்யாணத்தின்மேல் கட்டுகிற அடுத்த தாலிக்கு என்ன மதிப்பு? இரண்டாவது திருமணம் செல்லாது. முதல் துணை புகார் கொடுத்தால் ஏழு ஆண்டுவரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். அரசு ஊழியராக இருந்தால் நடத்தை விதிகளின்படி வேலைக்கும் ஆபத்து. பெரும்பாலும் இவை எதுவும் வெளியே வராமல் இருபது, முப்பது வருடம் ஓடிவிடும். பிறகு அவர் இறந்துபோவார். குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது, கூடவே வாழ்ந்து பெட்பேன் எடுத்து வைத்த பெண் சட்டப்படி மனைவி இல்லை என்றாகிவிடும். நோட்டரி காகிதத்தோடு போன பழைய மனைவிதான் வாரிசு. அவளும் இதற்குள் வேறொருவரோடு வாழ்ந்து பிள்ளை பெற்றிருந்தால், அந்த வாழ்க்கையும் சட்டத்தின் முன் அந்தரத்தில் தொங்கும். ஒரு சீல், இரண்டு குடும்பம் காலி. கோர்ட் செலவை மிச்சம் பிடித்துக் கொடுத்த பெரியவர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று கேட்பது அநாகரிகம், கேட்கவில்லை.

இன்னொரு விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். கட்டுரை முழுக்க எல்லாரும் இந்துக்கள் என்ற நினைப்பிலேயே நகர்கிறது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பரஸ்பர சம்மத வழி 2001-இல்தான் திறந்தது. அதன் வாசகம் இரண்டு வருடப் பிரிவைக் கேட்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் அதை ஒரு வருடமாகச் சுருக்கிப் படித்தது, 2022-இல் அந்த ஒரு வருடத்தையும் செல்லாதென்றது. இஸ்லாமியப் பெண்களுக்குத் தனியார் ஷரியத் கவுன்சில் கொடுக்கும் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) சான்றிதழ் போதாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வாசகத்தை அச்சடித்துக் கொடுப்பவர் இதையாவது விசாரித்திருக்கலாம்.

வக்கீல்களைப் பற்றி அவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பழைய மனுவில் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுப்பவர்கள் எங்களில் இருக்கிறார்கள். திருநெல்வேலித் தம்பதியின் மனுவில் சேலத்துக் கல்யாண மண்டபம் இருக்கும். பத்திரிகையில் செல்லப்பெயர், ஆதாரில் வேறு பெயர், மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவன் பெயர். இவற்றை ஒத்துப்பார்க்காமல் தாக்கல் செய்தால் மனு ரிட்டர்ன் ஆகும். ரிட்டர்ன் ஆகாமல் தப்பினால் அது இன்னும் கெடுதல்: தீர்ப்பிலேயே தப்பான பெயர் ஏறி, அதைத் திருத்தத் தனி மனு போட வேண்டிவரும். கணவன் வைத்த வக்கீலே இருவருக்கும் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, மனைவியை மடித்த தாளின் அடியில் கையெழுத்துப் போடச் சொல்லும் கூத்தும் நடக்கிறது. இவற்றைக் கண்டித்து எழுதியிருந்தால் நானே அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பேன். அவரோ படிக்காமல் கையெழுத்து வாங்குவதைப் பரிகாரமாகச் சொல்கிறார். மோசமான வக்கீல் காசு வாங்கிக்கொண்டு செய்வதை இவர் இலவசமாகச் செய்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான்.

செலவுதான் கவலை என்றால் அதற்கும் பதில் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின்படி வக்கீல் இல்லாமல் நேரடியாகவே நடத்திக்கொள்ளலாம். வக்கீல் வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. அதற்கான அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். ஊருக்கெல்லாம் பஞ்சாயத்துப் பேசுகிறவருக்கு இந்த ஒரு கதவு மட்டும் கண்ணில் படவே இல்லை.

கடைசியாக அந்த மானம். எதையும் கேட்காமல் எழுந்து வருவதே பெண்ணுக்கு அழகு என்கிறார். கேட்பது எதை? அவள் அப்பா வட்டிக்கு வாங்கிப் போட்ட நகையை. அவள் சம்பளத்திலிருந்து ஐந்து வருடம் போன வீட்டுத் தவணையை. இருவருக்கும் பிறந்த பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை. ஒரு பங்குதாரர் கடையிலிருந்து விலகும்போது கணக்குப் பார்த்தால் அது வியாபாரம். பெண் பார்த்தால் பேராசை. ஆணுக்கு இப்படி ஒரு மான இலக்கணத்தை இவர் எழுதியிருக்கிறாரா என்று கட்டுரை முழுக்கத் தேடினேன். மனைவியின் நகையை அடகுக்கடையிலிருந்து மீட்டுக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதே ஆணுக்கு அழகு என்று எங்கேயாவது ஒரு வாக்கியம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. மானம் கேட்கிற பக்கத்துக்கு மட்டும்தான். கொடுக்க வேண்டிய பக்கத்துக்கு அந்த ஒற்றை வரி.

பெரியவர் அச்சடித்துக் கொடுத்த அந்த மாதிரி வாசகத்தை யாராவது ஏற்கெனவே வெட்டி எடுத்து வைத்திருப்பார்கள். அவர்களைக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் தடுக்கப்போவதில்லை. பெரியவரிடம் ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன். நகையும் பணமும் பிள்ளை செலவும் பிறகு பேசித் தீர்க்கப்படும் என்று அவர் உறுதி சொல்கிறார் அல்லவா? அதே தாளில், பேசியபடி வந்து சேராவிட்டால் என் சொத்திலிருந்து கொடுக்கிறேன் என்று எழுதி, அவரும் ஜாமீன் கையெழுத்துப் போடட்டும். பேனாவை நீட்டிப் பாருங்கள். அப்போது அவரே முழு ஒப்பந்தத்தையும் வரி விடாமல் படித்துக் காட்டச் சொல்லுவார்.